நடந்துகொண்டு கதைக்கக் கூடாது

ஆங்கிலம் படிப்பிக்கிறவர்களுக்கு ஊரில் மரியாதை நிறைய உண்டு. பேச்சுத்துணைக்குத்தான் ஆள் கிடைக்காது. ஒரு கலியாண வீட்டில் போய்க் கதிரையில் இருந்து பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் மெல்ல எழும்பி, குசினிப் பக்கம் ஏதோ அவசர வேலை இருப்பது போலப் போய்விடுவார். நான் திடீரென்று இங்கிலிஷில் ஏதாவது கேட்டுவிடுவேனோ என்ற பயம். இத்தனை வருடத்தில் நான் ஒருவரையும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கும் கலியாண வீட்டில் சாப்பாடுதான் முக்கியம்.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் என்னைப் போன்ற ஒரு ரீச்சரிடம் படித்து நொந்திருப்பீர்கள். மிச்சப் பேர் படிப்பித்து நொந்தவர்கள். இரண்டு பகுதிக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கிழமை நாட்களில் எனக்குக் கிளிநொச்சியில் பள்ளிக்கூடம். சனி, ஞாயிறு பின்னேரங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வகுப்பு. கீழே உள்ளவை எல்லாம் அந்த வகுப்பில், போன மாரிக்குச் சற்று முன்னர், ஒரேயொரு பாடத்தால் வந்த வினைகள்.

செய்துகொண்டு சொல்லுங்கோ

ஒரு வேலையைச் செய்துகொண்டே இன்னொன்றையும் செய்வதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதுதான் பாடம். ‘அவள் சிரித்துக்கொண்டு வந்தாள்’ என்கிறோமே, அந்தச் ‘சிரித்துக்கொண்டு’. வினைச்சொல்லின் வாலில் ஒரு ‘இங்’ ஒட்டிவிட்டால் ஆங்கிலத்தில் அது வந்துவிடும். அதற்குப் பாட்டிசிப்பிள் என்று பெயர். பெயரைச் சொன்னதுமே வகுப்பின் முகம் வாடிப்போனது. பெயரை விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லோரும் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டு கதைக்க வேண்டும். ஒருவர் மண்டபத்தைச் சுற்றி நடந்துகொண்டு தன் ஊரைப் பற்றிச் சொல்லுவார். இன்னொருவர் வெங்காயம் உரித்துக்கொண்டு காலையில் சமைத்ததைச் சொல்லுவார். கையும் காலும் ஓடினால் கூச்சம் மறந்து வாயும் ஓடும் என்பது என் கணக்கு. கணக்குப் பிழைக்கவில்லை. இரண்டு கிழமையில் வகுப்பு கலகலவென்று ஆகிவிட்டது.

நாங்கள் படிப்பது ஊரின் பொதுநோக்கு மண்டபத்தில். எதிரே பஸ் தரிப்பிடம். யன்னலால் பார்த்தால், வளர்ந்த ஆண்களும் பெண்களும் போர்வை மடித்துக்கொண்டும் வெங்காயம் உரித்துக்கொண்டும் வட்டமாக நடந்து ஏதோ முணுமுணுப்பது தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்துக்குப் பொறுப்பான சங்கத்தின் தலைவர் வாசலில் வந்து, உள்ளே வராமல், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டு மரியாதையாகச் சொன்னார்: “ரீச்சர், நாங்கள் மண்டபம் தந்தது இங்கிலிஷுக்கு. உள்ளுக்க கூத்துப் பழகீனம் எண்டு சனம் சொல்லுது.”

புடவைக்கடை நானா

இந்தப் பாடத்தை முதல் நாளே பிடித்துக்கொண்டவர் நியாஸ் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம். முல்லைத்தீவுக்காரர். இடம்பெயர்ந்து எங்கெங்கோ இருந்துவிட்டு வந்து, இப்போது கிளிநொச்சிச் சந்தையடியில் புடவைக்கடை வைத்திருக்கிறார். லீவுக்கு வெளிநாட்டில் இருந்து வரும் பிள்ளைகள் தமிழில் விலை கேட்கத் தெரியாமல் திரும்பிப் போகிறார்கள் என்பதுதான் அவர் வகுப்புக்கு வந்த காரணம்.

அவருடைய கடையை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு கை துணியை அளக்கும். மற்றக் கை போன வாடிக்கையாளர் கலைத்துவிட்ட சேலைகளை மடிக்கும். தோளுக்கும் காதுக்கும் இடையில் தொலைபேசி. அதற்குள் வாசலில் போகிறவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு ‘செய்துகொண்டு’ பாடம் எடுப்பது கொக்கிளாய்க்காரருக்கு மீன்பிடி சொல்லிக்கொடுக்கிற மாதிரி. அடுத்த கிழமையே லண்டனில் இருந்து வந்த ஒரு பெட்டைக்குச் ‘சிரித்துக்கொண்டு நான் விலை சொல்லுறன், சிரித்துக்கொண்டு நீ வாங்கு’ என்ற பொருளில் இங்கிலிஷில் ஏதோ சொல்லி, அவள் சிரித்து, தாய்க்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். வகுப்பில் வந்து பெருமையாகச் சொன்னார்: “ரீச்சர், மத்தப் பாடமெல்லாம் உங்கட பாடம். இது எங்கட கடையில பொறந்த பாடம்.”

கண்ணாடிக்குள்ளால்

சிவநேசன் ஓட்டோ ஓட்டுகிறவர். கூச்சம் பிடித்த மனிதர். வகுப்பில் வாய் திறக்க மாட்டார். ஆனால் ஓட்டோவில் ஏறி இருந்துவிட்டால் துணிவு வந்துவிடும் என்று கண்டுபிடித்துக்கொண்டார். அதனால் வீட்டுப்பாடத்தை எல்லாம் ஓடுகிற ஓட்டோவில், முன் கண்ணாடிக்குள்ளால் பின்னுக்கு இருக்கும் பயணியைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தார். ஓட்டிக்கொண்டு நான் பார்க்கிறேன், பார்த்துக்கொண்டு நான் திருப்புகிறேன் என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லி.

ஏ-ஒன்பது வீதியில் மாடுகள் எந்த நேரம் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவற்றுக்கே தெரியாது. ஒரு நாள் ஆசுபத்திரியில் இருந்து ஒரு அம்மாவை ஏற்றிக்கொண்டு வரும்போது, ஒரு மாட்டுக்கு நெருக்கமாகப் போய் ஓட்டோவை வெட்டித் திருப்பியிருக்கிறார். அந்த அம்மா அடுத்த சந்தியிலேயே இறங்கிவிட்டாவாம். இறங்கும்போது சொன்னதைச் சிவநேசனே வகுப்பில் வந்து சொன்னார், வெட்கத்தோடு: “தம்பி, நல்லாப் படிக்கிறியள். ஆனா எனக்கு இங்கிலிஷ் வேண்டாம், வீட்டை போய்ச் சேர்ந்தாக் காணும்.”

இப்படியும் ஒரு உத்தியோகம்

கலாவதி வந்து சேர்ந்தது இந்தக் கலகலப்புக்கு நடுவில்தான். கலா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். வாய்க்காரி. வந்த அன்றே நியாஸ் நானாவிடம், உங்கள் கடையில் வாங்கிய சேலை ஒரு தோய்ச்சலில் சாயம் போய்விட்டது என்று சண்டைக்குப் போனாள். பளைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை அவளுக்கு. விடியப் போய், பாரமான அங்கியும் முகத்துக்குக் கண்ணாடி மறைப்பும் போட்டுக்கொண்டு, முழங்காலில் இருந்து நிலத்தைச் சுரண்டுகிற வேலை.

அவளுக்கு ஆங்கிலம் வேடிக்கைக்குத் தேவைப்படவில்லை. வெடி அகற்றி முடிந்த நிலம் கூடக்கூட ஆட்களைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். அடுத்த முறை குறைக்கும்போது அவளின் வேலையும் போகும். ஒரு குழுவுக்குத் தலைவியாகத் தெரிவானால் மட்டும் தப்பலாம். அந்தத் தெரிவுக்கு வெளிநாட்டு அதிகாரி ஒருவர் வந்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார். மகளும் அவளுமாக வாழ்கிற வீடு. வேறு உழைப்பு இல்லை. இதை எல்லாம் அவள் அழுது சொல்லவில்லை. பகிடி போலத்தான் சொன்னாள்: “நாங்கள் திறமா வேலை செய்யச் செய்ய எங்களுக்கு வேலை இல்லாமல் போகுது ரீச்சர். இப்பிடி ஒரு உத்தியோகம் எங்கயாவது கேள்விப்பட்டனீங்களோ?”

நின்றுவிட்டாள்

கலாவை நடந்துகொண்டு கதைக்கச் சொன்னேன். நடந்தாள். கதைக்க வாய் திறந்ததும் நின்றாள். நின்று, தெளிவாக ஒரு வசனம் சொன்னாள். பிறகு வாயை மூடிக்கொண்டு நடந்தாள். திரும்பவும் கதைக்க நேரம் வந்ததும் நின்றாள். பின்னால் போர்வையோடு வந்த சிவநேசன் அவளில் முட்டிக்கொண்டார். வெங்காயத்தைக் கொடுத்துப் பார்த்தேன். வெங்காயத்தை மேசையில் வைத்துவிட்டுத்தான் வசனம் சொன்னாள்.

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு என்று என்னிடம் படித்தவர்கள் சொல்லுவார்கள். குரலை உயர்த்திவிட்டேன். அவளோ கோபப்படாமல், தங்கள் இடத்தில் ஒருவர் கதைக்கத் தொடங்கினால் மற்றவர் கையில் உள்ளதை வைத்துவிட வேண்டும், அதுதான் முதல் நாள் படிப்பித்த சட்டம் என்று விளக்கம் சொன்னாள். இது மிதிவெடிக் காணி இல்லை, சீமெந்து நிலம் என்றேன். அவள் குனிந்து நிலத்தைப் பார்த்தாள். எனக்காகப் பார்த்தாளா, பழக்கத்தில் பார்த்தாளா தெரியவில்லை. பிறகு சொன்னாள்: “தெரியும் ரீச்சர். ஆனா கால் போகேக்க வாய் போகாது, வாய் போகேக்க கை போகாது. அப்பிடித்தான் எங்களைப் பழக்கினவை.”

கைதட்டு

விடவில்லை நான். அவளும் விடவில்லை. வேலை போகப்போகிறது என்ற பயம் அவளுக்கு. என் வழி பிழைக்கக் கூடாது என்ற வீம்பு எனக்கு. வகுப்பு முடிந்த பிறகும் இருவருமாக மண்டபத்தைச் சுற்றி நடந்தோம். முதலில் ஒரு சொல்லைச் சொல்லும்வரை நிற்காமல் நடந்தாள். பிறகு அரை வசனம். வீட்டில் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டும், மகளுக்குத் தலை பின்னிக்கொண்டும் இங்கிலிஷ் கதைக்கிறாளாம். தாயின் தொல்லை தாங்காமல் மகள் தானே தலை பின்னப் பழகிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கலா வெங்காயம் உரித்துக்கொண்டு, மண்டபத்தை முழுவதும் சுற்றி, ஒரு இடத்திலும் நிற்காமல், காலையில் எழும்பியதில் இருந்து பஸ் ஏறியது வரைக்கும் சொல்லி முடித்தாள். வரிக்கு வரி ‘இங்’ வந்து விழுந்தது. எல்லோரும் கை தட்டினோம். எனக்கு ஏதோ நானே பரீட்சை பாஸ் பண்ணின மாதிரி மனம் நிறைந்துபோனது. சேலைச் சண்டையை மறந்து நியாஸ் நானாவும் எழும்பி நின்று சொன்னார்: “இனி கலாத் தங்கச்சியும் ஒரு கடை வெக்கலாம்.”

பள்ளிக்கூட வாசலில் வசந்தி

அந்தக் கிழமை நடுவில், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் ஒரு பெண் எனக்காக நின்றாள். பேர் வசந்தி, கலாவோடு ஒரே குழுவில் வேலை செய்கிறவள் என்று சொன்னாள். என்னிடம் படிப்பவள் இல்லை. இங்கிலிஷ் ரீச்சரிடம் கதைக்க வந்தவள் என்பதால் முதலில் கொஞ்சம் தடுமாறினாள். பிறகு விசயத்தைச் சொன்னாள்.

அதற்கு முதல் நாள் வேலையில் கலா முழங்காலில் இருந்து புல்லை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். கண்ணாடி மறைப்புக்குப் பின்னால் வாய் ஆடியதாம். புல்லை வெட்டிக்கொண்டு நான் என்னவோ செய்கிறேன் என்று இங்கிலிஷில் தனக்குள்ளே சொல்லிக்கொண்டு, கையும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மேற்பார்வையாளர் கண்டுவிட்டார். வேலையை நிறுத்தி, வெளியே கூப்பிட்டு, அன்று முழுவதும் அவளை உள்ளே விடவில்லை. இன்னொரு முறை நடந்தால் தலைவித் தெரிவுக்குப் பேர் போகாது என்றும் சொல்லிவிட்டாராம்.

வேலை போவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அந்தக் கையையும் அதற்குக் கீழே இருந்த மண்ணையும்தான் யோசித்தேன். வாசல் மதிலில் சாய்ந்துகொண்டு நின்றேன். வசந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலுக்கோ என்னவோ, மெதுவாகச் சொன்னாள்: “நீங்கள் படிப்பிச்சது அவாவுக்கு நல்லாப் பிடிச்சிட்டுது ரீச்சர். இனி மறக்கப் பண்ணிறதுக்கும் ஒரு வகுப்பு வையுங்கோ.”

மறதி வகுப்பு

வைத்தேன். சனிக்கிழமை எல்லோரையும் கதிரைகளில் இருத்தினேன். இனி ஒருவரும் நடக்கக் கூடாது, உரிக்கக் கூடாது, மடிக்கக் கூடாது. கை மடியில். ஒரு வேலையைச் செய்வதென்றால் செய்து முடித்து, பொருளைக் கீழே வைத்து, மூச்சு விட்டு, அதற்குப் பிறகுதான் வாய் திறக்க வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டாம் என்று கலா கண்ணால் கெஞ்சினாள். ஆனால் சிவநேசனுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. ஓட்டோவிலும் இனி ஒரு சொல் இங்கிலிஷ் கதைப்பதில்லை என்று தானாகவே எழும்பிச் சொன்னார்.

பாடத்தையும் மாற்றினேன். ‘செய்துகொண்டு’ போய் ‘செய்துவிட்டு’ வந்தது. அதற்கும் ஆங்கிலத்தில் வழி உண்டு. கத்தரிக்கோலை வைத்துவிட்டு, கண்ணாடியை உயர்த்திவிட்டு, பின்னுக்கு வந்துவிட்டு, என்று ஒவ்வொன்றாகச் சொல்லலாம். கலாவின் தோள் இறங்கியதைக் கண்டேன். ஒரு மாதமாக அந்தத் தோள் காதுக்குக் கிட்ட நின்றிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அன்று அவள் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் எங்களை எல்லாம் காக்க வைத்துக் கதைத்தாள். எனக்கு அந்த மௌனங்கள் பிடித்திருந்தன.

அவதிப்பட்டவர் நியாஸ் நானாதான். மடியில் கிடந்த கைகள் தாமாக எழும்பி, முன்னால் இருந்தவரின் சால்வையை மடிக்கப் போயின. வாயோ திறக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன். பரிதாபமாகச் சொன்னார்: “கைய மடியில வெச்சிட்டுக் கதைக்கச் சொன்னா எனக்குத் தமிழே வராது ரீச்சர்.”

அதிகாரி வந்த நாள்

அதிகாரி வந்து போன அடுத்த சனிக்கிழமை, கலா வந்து கதிரையில் இருக்கும்வரை ஒருவரும் பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. சொல்லு என்றேன். கூடாரத்தில் வைத்துத்தான் கேள்வி கேட்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாளாம். அவரோ, வா என்று சைகை காட்டிவிட்டு, வாகனம் நிற்கும் பக்கம் நடந்துகொண்டு கேட்கத் தொடங்கியிருக்கிறார். சுத்தம் செய்து முடிந்த பாதைதான். எல்லோரும் நடக்கிற பாதைதான்.

கலா நின்றுவிட்டாள். அவர் ஐந்தாறு அடி முன்னால் போய், ஆள் வரவில்லை என்று கண்டு திரும்பி வந்தார். இன்னொரு முறை கேட்டுக்கொண்டே நடந்தார். இவள் அசையவில்லை. வாயும் திறக்கவில்லை. கடைசியில் அவரும் இவளுக்கு முன்னால் வந்து நின்று, முதலில் இருந்து கேட்டாராம். கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றால் ஆங்கிலம் தெரியாது என்றுதானே நினைத்திருப்பார். நடந்துகொண்டு கதைக்கிறதை நானே பழக்கி, நானே மறக்கப் பண்ணினேன். இப்போது அவளுக்கு அது உதவி செய்ததா, உபத்திரவம் செய்ததா?

என்ன கேட்டார் என்று கேட்டேன். குழுவுக்குத் தலைவியாக வந்தால் உன் வேலை என்ன என்று கேட்டிருக்கிறார். நாங்கள் பழகிய பதில் ஒன்று இருந்தது, அரைப் பக்கத்துக்கு. அதில் ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லையாம். எதிரே அவளின் பிள்ளைகள், குழுவில் இருக்கிற பெண்களை அவள் அப்படித்தான் சொல்லுவாள், வேலை முடித்து அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்களாம். அவர்களைப் பார்த்ததும் ஏதோ வந்தது, அதைச் சொன்னேன் என்றாள். என்ன சொன்னாய் என்று நியாஸ் நானாதான் பொறுக்க முடியாமல் கேட்டார். கலா கதிரையை விட்டு எழும்பினாள். மேசையில் கையை வைக்கவில்லை, ஒன்றையும் தொடவில்லை. நின்று சொன்னாள்: “‘வோக்கிங் தே கம். வோக்கிங் தே மஸ்ட் கோ ஹோம்.’ அவ்வளவுதான் வந்தது ரீச்சர். காலமை நடந்து வந்த பிள்ளையள் பின்னேரமும் நடந்துதான் வீட்டை போகவேணும், அதைப் பாக்கிறதுதான் என்ர வேலை எண்டு சொல்ல நினைச்சனான்.”

கடைசியாக

நான் எழும்பி, அந்த வசனத்தைக் கரும்பலகையில் எழுதினேன். ஆங்கிலத்தில் சொற்கள் அப்படி வரிசையாக நிற்பதில்லை, ‘நடந்து’ பின்னுக்குப் போக வேண்டும் என்று வேறு யாருக்காவது சொல்லியிருப்பேன். சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, கலாவைத் தெரிவு செய்துவிட்டார்கள் என்று வசந்தி வந்து சொன்னாள். அவள் நின்றதற்குக் கிடைத்ததோ, சொன்னதற்குக் கிடைத்ததோ, அந்த அதிகாரியைத்தான் கேட்க வேண்டும். முதல் நாளே குழுவைக் கூப்பிட்டு, இங்கிலிஷ் படிக்க ஆசைப்படுகிறவர்கள் வேலை முடிகிற விசில் அடித்து, காணியை விட்டு வெளியே வந்த பிறகு படியுங்கள் என்று கட்டளை போட்டிருக்கிறாள். வசந்தி இப்போது என்னிடம்தான் படிக்கிறாள்.

படிப்பித்ததில் பாதியை மறக்கப் பண்ணிவிட்டு, மிச்சத்தில் இருந்த பிழையையும் திருத்தாமல் விட்டுவிட்டு, பிள்ளை பாஸ் என்றதும் எல்லாம் என்னால்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளக்கூடிய ஒரே தொழில், எனக்குத் தெரிந்து, ஆங்கிலம் படிப்பிப்பதுதான்.